ஐம்பத்து நான்கு கிலோமீட்டரில் இருந்த ஏரி

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் டைம் கீப்பர் தணிகாசலம் தன் மனைவி மரகதத்தை ஏரிக்குக் கூட்டிப்போக நாள் குறித்தார், அன்றைக்கே நாரைப்பேட்டை ஏரி இருந்த இடத்தை விட்டு ஒரு கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போனது, ஆனால் அது எங்களுக்குத் தெரியவர இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எங்களுக்கு என்றால், வியாசர்பாடிப் பக்கம், ரயில் பாதைக்கு இந்தப்புறம் இருக்கிற எச் பிளாக்கின் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கு. நாங்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடிக்கும்போது நீங்கள் எங்களைப் பற்றி வேறு விதமாக நினைப்பீர்கள், அப்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

தணிகாசலம் முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எப்போது வந்து சேர வேண்டும் என்று எழுதி எழுதியே ஆள் பாதி கடிகாரமாகிப் போயிருந்தார். எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு மழையில் எத்தனை நிமிடம், வெயிலில் எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், சொல்வதற்கு முன்னால் உதடு மட்டும் லேசாக அசையும், அது உள்ளே கூட்டிப் பார்க்கிற கணக்கு. கல்யாணமான முதல் மார்கழியில், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மரகதம், வரிசையாக வடக்கே பறந்து போன பறவைகளைக் காட்டி, "இதெல்லாம் எங்கங்க போய் எறங்குது?" என்று கேட்டாள். அவருடைய உதடு அசைந்தது. "நாரைப்பேட்டை ஏரி. அம்பத்திநாலு கிலோமீட்டர். ஒரு நாள் பிளான் பண்ணிப் போகலாம்" என்றார்.

அந்த ஒரு நாள் இருபத்தொன்பது மார்கழிகளாக வரவில்லை. பனிக்காலம் என்றால் டிரைவர், கண்டக்டர் எல்லோரும் மாலை போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள், டைம் கீப்பருக்கு லீவு கிடைக்காது. பனி முடிந்து லீவு கிடைக்கும்போது பறவைகள் போயிருக்கும். ஒவ்வொரு வருடமும் மரகதம் மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள், ஒவ்வொரு வருடமும் அவர் அடுத்த வருடம் என்பார், இரண்டு பேருமே அதை நம்பினார்கள். அவர் ரிட்டயர் ஆன வருடம் மரகதத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பிள்ளை குட்டி இல்லை. திங்களும் வியாழனும் டயாலிசிஸ், மற்ற நாள் படுக்கை. அந்த மார்கழியில் டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இருதயமும் களைத்துவிட்டது, இந்தப் பனி தாண்டுவது கஷ்டம் என்றார். ஏரிக்குப் போகலாமா என்று இவர் கேட்டார். காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் வண்டியில் உட்கார உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். தணிகாசலம் வீட்டுக்கு வந்ததும் பழைய நீள நோட்டை எடுத்தார், கோடு போட்டார், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மனைவிக்கென்று ஒரு வண்டிக்கு நேரம் எழுதினார். ஸ்வெட்டர் போட மூன்று நிமிடம். மூன்றாவது மாடியிலிருந்து படியிறங்க, நிதானமாக, ஒன்பது நிமிடம். கேட்டிலிருந்து புறப்பாடு ஐந்து நாற்பது. மீஞ்சூர் ஆறு இருபத்தைந்து. பொன்னேரி ஆறு நாற்பத்தைந்து. ஏரிக்கரை ஏழு பத்து.

"படிக்குக்கூடவா டைம் போடுவீங்க?" என்று மரகதம் படுத்தபடியே சிரித்தாள்.

"போடலன்னா எப்பிடி?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க பாக்கணும். தண்ணியில எறங்கறப்போ அதுங்க ரெண்டு காலையும் முன்னால நீட்டிக்கினு வருமாமே, டிவியில காட்டுனான். அத்த ஒரு தபா நேர்ல பாத்துட்டா போதும்."

அவர்கள் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். நாள் குறித்திருந்தாலும் யாரிடமும் சொல்லாமல் அந்த ஞாயிறே கிளம்பியிருந்தால் ஏரி ஐம்பத்தைந்தில் இருந்திருக்கும், ஏழே காலுக்குள் அவள் பார்த்திருப்பாள், நானும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போனாலும், கோயிலானாலும் கடற்கரையானாலும், முப்பத்திரண்டு கதவையும் தட்டி, "நாங்க போறோம், நீங்களும் வர்றீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்காமல் போனால் மூன்று மாதம் பேச மாட்டோம். கேட்டால், "வராம? ஆனா இந்த வாரம் வாணாம், அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று சொல்வதும் வழக்கத்தில் சேர்த்திதான், இரண்டும் மரியாதை என்றே நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். தணிகாசலம் கதவைத் தட்டினார், ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு கதவாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார், டாக்டர் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு தரைத்தள எஸ்தர் அக்காவால் போயிற்று. அன்றைக்கு அவர்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் விழா, அவள் இல்லாமல் மரகதத்தை யார் கைத்தாங்கலாகப் பிடிப்பது, அதோடு புளிசாதம் அவள் கிளறினால்தான் சாயங்காலம் வரை தாங்கும். அடுத்த வாரத்துக்கென்று எஸ்தர் அக்கா ஒரு தாளில் எழுத உட்கார்ந்தாள்: புளிசாதம், தயிர்சாதம், மரகதத்துக்கு உப்பில்லாத இட்லி, எல்லோருக்கும் வறுத்த கடலை, ஒரு குடம் தண்ணீர். அவள் எழுத எழுத ஏரி போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் ஞாயிறு பக்கீர் பாயின் வேனால் போயிற்று. பக்கீர் பாய் எங்கள் பிளாக்கின் டிரைவர், மரகதத்தை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் அவர்தான், ஆனால் மார்கழியில் அந்த வேன் ஐயப்ப சாமிகளுக்குச் சொந்தம், வருடம் முழுக்க ஓட்டுவதை அந்த ஒரு மாதத்தில் ஓட்டிவிடுவார். வேன் மலையிலிருந்து திரும்பட்டும் என்று காத்திருந்தோம். காத்திருந்த வாரத்தில் யார் எந்த சீட்டில் உட்காருவது என்று படம் வரைந்தோம்.

புதன்கிழமை பக்கீர் பாய் இறால் ஏற்றிவர நாரைப்பேட்டைக்குப் போய்விட்டு வந்தார். வேனை நிறுத்திவிட்டு இறங்காமலேயே, கேட்டில் நின்றிருந்த தணிகாசலத்திடம், "இன்னா சார், எழுவத்தி ஒண்ணு காட்டுது மீட்ரு" என்றார்.

"மீட்டர் போச்சா?"

"மீட்ரு கரீட்டா கீது. ஏரிதான் தள்ளிப் பூட்ச்சு. பொன்னேரி தாண்டி பழைய எடத்துக்குப் போறேன், வெறும் சேறு. ஒரு பெரியவரு நின்னுக்கினு இருந்தாரு. ஏரி எங்கய்யான்னேன். அப்பிடியே நேரா போ, நேத்து அந்தப் பக்கமா போச்சுன்னாரு."

தணிகாசலத்தின் உதடு அசைந்தது. "எழுபத்தொண்ணுன்னா ரெண்டு மணி நேரம். சரியா இருக்கு. ஞாயித்துக்கெழம போயிடலாம்" என்றார்.

நாங்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் இருந்த இடத்தில் இருக்காது, ரேஷன் கடை தள்ளிப் போகும், ரயில்வே கேட் தள்ளிப் போகும், ஏரி தள்ளிப் போனதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். நாரைப்பேட்டை பஸ்ஸுக்கு இரண்டு நிறுத்தம் கூட்டினார்கள். சாலைக்காரர்கள் பெயின்ட் டப்பாவோடு வந்து கல்லில் இருந்த எண்ணை அழித்து வேறு எண் எழுதினார்கள், அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள், கடைசியில் எண்ணை மட்டும் சாக்பீசில் எழுதிவிட்டுப் போனார்கள். முதல் மாடியில் இருக்கிற பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளிடம், பரீட்சையில் நாரைப்பேட்டை தூரம் கேட்டால் அன்றைய தேதியையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். பறவைகள் மட்டும்தான் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டன: ஆறு பத்துக்கு எங்கள் மாடியைத் தாண்டுகிறவை இப்போது ஐந்தரைக்கே தாண்டின, அவற்றுக்கும் போக வேண்டிய தூரம் கூடியிருந்தது. மரகதம் படுக்கையிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இன்னைக்கி சீக்கிரம் கெளம்பிட்ச்சுங்க" என்பாள்.

மூன்றாம் ஞாயிறு போனதற்குக் காரணம் நான். இதை எங்கேயும் ஒளிக்க மாட்டேன். ஊரிலிருந்து என் மச்சினன் வருவதாக இருந்தான், அவனும் பாவம் ஏரி பார்க்கட்டுமே, ஒரே ஒரு வாரம்தானே சார் என்று தணிகாசலத்திடம் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் எஸ்தர் அக்கா நிற்பதைப் பார்த்து, "சரிங்க" என்றார். அந்த வாரம் ஏரி எண்பத்தெட்டுக்குப் போனது. மச்சினன் வரவே இல்லை.

தை பிறந்து நாலாம் நாள் ஒரு பெண் எங்கள் கேட்டுக்கு வந்தாள். தலையில் நண்டுக் கூடை, முழங்கால் வரை சேறு, பெயர் தேசம்மா. நாரைப்பேட்டைக் குப்பத்திலிருந்து வருவதாகவும், குப்பமே சொல்லி அனுப்பியிருப்பதாகவும் சொன்னாள். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் கூடினோம்.

"நீங்க மவராசனா இருங்க" என்றாள் தேசம்மா. "ஆனா நாள் குறிக்கிறத நிறுத்துங்க. நீங்க இங்க ஒரு நாள் குறிச்சா, அங்க ஏரி எழுந்துக்குது. சோத்துக்குக் கணக்குப் போட்டா அஞ்சு கிலோமீட்ரு. சீட்டுக்குக் கணக்குப் போட்டா பத்து. படகத் தலையில தூக்கிக்கினு நாங்க பின்னாடியே நடக்கறோம். வலைய காய வெச்சு எடுக்கறதுக்குள்ள தண்ணி கெளம்பிடுது. என் மாமியா கெழவி நடக்க மாட்டாம வழியிலயே ஒக்காந்துட்டா."

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க அந்த ஏரியப் பாக்கணும்?" என்று கேட்டாள். நாங்கள் மாடியைக் காட்டினோம். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேலே ஏறினாள், நானும் பின்னால் போனேன். கட்டிலில் மரகதம் ஊதிய காலும் ஊசி குத்திக் கறுத்த கையுமாகப் படுத்திருந்தாள். தேசம்மா சண்டை போட வந்தவள்தான், அந்தக் கையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆசப்படறத நிறுத்திக்கினா ஏரி நின்னுடுமாம்மா?" என்று மரகதம் கேட்டாள்.

"ஆசப்பட்டதுக்கு அது போகலக்கா. குறிச்சதுக்குத்தான் போவுது. குறிக்காம வா. எப்ப வோணா வா. நான் படகுல வெச்சுப் பறவைக்கு நடுவுல இட்டுனு போறேன்."

கீழே இறங்கி வந்த பிறகுதான் தணிகாசலம் டாக்டர் சொன்னதை எங்கள் எல்லோரிடமும் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எஸ்தர் அக்கா புளிசாதத் தாளைக் கிழித்துப் போட்டாள். நீள நோட்டைப் பக்கீர் பாய் வாங்கிக்கொண்டு போய் வேன் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். இனி ஏரி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம், எடுக்கவும் இல்லை, ஆனால் யாருமே நாள் குறிக்காத அந்த வாரத்திலும் ஏரி தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனது. எங்களில் யாரோ ஒருவர் உள்ளுக்குள் குறித்துக்கொண்டிருந்தார். யார் என்று எங்களுக்குத் தெரியும், அவரைக் கேட்கத்தான் மனசு வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், எதுவும் சொல்லாமல், இன்டிகேட்டர்கூடப் போடாமல், பக்கீர் பாய் வேனை வடக்கே திருப்பினார். பின் சீட்டில் மரகதமும் தணிகாசலமும், முன்னால் துணைக்குப் போன நான். மீஞ்சூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்தது வேலை செய்தது: ஓரக் கல்லில் சாக்பீசில் எழுதியிருந்த எண்கள் அழிந்து அழிந்து குறைந்துகொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன், நாற்பது, இருபத்தாறு, ஒன்பது, காற்றில் உப்பு வாடை வந்தது, தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "அதோ" என்றாள் மரகதம். எழுந்து உட்கார்ந்தாள். மூன்று மாதமாகத் தானாக எழுந்து உட்காராதவள்.

நான் சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். தணிகாசலத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பாவம், அவர் நிறுத்தத்தான் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கைக்குப் பின்னால் அது அசைந்தது. இப்போது மணி பதினொன்று இருபது, கரைக்குப் பதினொன்று முப்பத்திரண்டு, அரை மணி நேரம் பார்க்கலாம், பன்னிரண்டு ஐந்துக்குத் திருப்பினால் இரண்டு மணிக்கு வீடு, இரண்டரைக்கு மாத்திரை. முப்பத்தோரு வருடம் அந்த வாய் செய்த வேலை அது, அவளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்கிற கவலைதான் அது, அன்பைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. கல்லில் ஒன்பது பதினேழானது, பதினேழு முப்பத்தைந்தானது. வெள்ளைக் கோடு மங்கி, பிறகு இல்லாமல் போயிற்று.

"ஏங்க" என்றாள் மரகதம். "உங்க வாய் அசையுதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சட்டையில் சோறு ஒட்டியிருக்கிறது என்று சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டு, "பாய், வண்டியத் திருப்புங்க. இவருக்குப் பசிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு, தன்னை விட்டுவிட்டு அவளை மட்டும் கூட்டிப் போகும்படி தணிகாசலம் பக்கீர் பாயின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பாயும் சரி என்றார். மரகதம் மாட்டேன் என்றுவிட்டாள். "இருவத்தொம்போது வருஷமா ரெண்டு பேரும் போலாம்னுதானே இருந்தோம். நான் மட்டும் பாத்துட்டு வந்து யாருகிட்ட சொல்றது?" என்றாள். தை கடைசி வியாழன், டயாலிசிஸ் கட்டிலில், ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். சரியான நேரம் என்னவென்று நர்ஸ் கேட்டபோது, கையில் கடிகாரம் கட்டியிருந்தும் தணிகாசலம் தெரியாது என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு தேசம்மா வந்திருந்தாள். ஏரி இருநூற்றுப் பத்தில் நின்றுவிட்டது என்றும், இரண்டு வாரமாக அசையவில்லை என்றும், குப்பத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள் என்றும் எஸ்தர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். அதில் சந்தோஷப்படுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அவள் சந்தோஷப்படவில்லை.

மறுநாள் விடிகிற நேரம், நான் இரண்டாவது மாடி பால்கனியில் நின்றிருந்தேன். தணிகாசலம் படியிறங்கிப் போனார். பால் வாங்கவா, வேறு எதற்கா, அவருக்கே தெரிந்திருக்காது. கையில் தூக்குவாளி இல்லை, கடிகாரம் இல்லை, அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை, எதையும் பார்க்க வேண்டியதும் இல்லை. கேட்டைத் திறந்தார். ஏரி அங்கே இருந்தது.

டீக்கடையிலிருந்து ரயில் பாதை வரைக்கும் தண்ணீர். மேலே பனி. கேட்டின் கீழ்க்கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கிய சின்ன அலை அவர் செருப்பை நனைத்தது. அவர் அப்படியே நின்றார். தெற்கிலிருந்து பறவைகள் வந்தன, வருடா வருடம் எங்கள் தலைக்கு மேலே போன அதே வரிசை, இந்த முறை தாண்டிப் போகாமல் தாழ்ந்தது, ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தண்ணீர்மேல் நாலு எட்டு ஓடி, நின்றது. மரகதம் சொன்ன மாதிரியேதான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது தணிகாசலம் வேகமாகத் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன எண்ணினார் என்று எனக்குத் தெரியும், எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம்: மேலே போய் எழுப்ப நாலு நிமிடம், ஸ்வெட்டர் போட மூன்று, படியிறங்க, நிதானமாக, ஒன்பது.

"சார், எண்ணாதீங்க" என்று கத்த நினைத்தேன். வாய் வரவில்லை. அவர் மாடிப்படியை நோக்கி இரண்டு எட்டு வைப்பதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கேட்டை விட்டது, டீக்கடையை விட்டது, பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. மூன்றாவது எட்டில் அவருக்கு ஞாபகம் வந்தது. நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஈரச் செருப்போடு மேலே ஏறினார். அந்தப் படியில் ஓர் ஆள் ஏற மூன்று நிமிடம் போதும். அவர் ஏறி முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது, நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றிருந்தேன்.